குருகுலத் தோழர்கள்

உடன் பயின்றவர்கள் நெடுங்காலத்திற்குப் பின் சந்திக்கும்போது பேச்சு விரைவிலேயே பதவி, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று திரும்பிவிடுகிறது. சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாதவர் அத்தகைய கூட்டத்திற்கு வருவதையே தவிர்க்கிறார்.

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஏழை அந்தணர் மனைவியின் வற்புறுத்தலால் துவாரகை சென்றார். (கந்தை உடுத்தியவராதலின் மரபு அவரைக் குசேலர் என்கிறது.) அவருடைய பாதங்களைக் கழுவி அமர்த்திய கண்ணன், குருகுலத்திலிருந்து திரும்பியபின் திருமணம் ஆயிற்றா என்று வினவினான். செல்வத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உடனே ஸாந்தீபனி முனிவரின் ஆசிரமத்தை நினைவுகூர்ந்தான்: குருபத்தினி விறகு கொணர அனுப்பிய நாள், பருவம் தப்பிய புயல்மழை, மேடு பள்ளம் தெரியாத வெள்ளம், கைகோத்தபடி காட்டில் கழிந்த இரவு, சூரியோதயத்தில் தேடிவந்த குரு. அன்று நனைந்ததில் அரசகுமாரன், ஏழை என்ற பேதம் ஏது?

மகாபாரதத்தில் துருபதன் இதே இடத்தில்தான் தவறினான். சமமானவரிடையேதான் நட்பு என்று துரோணரிடம் கூறினான். பின்னர் பாஞ்சாலத்தில் பாதியை இழந்தான்.

நாணத்தால் மறைத்த அவலைக் கண்ணனே பறித்து உண்டான். குசேலரோ தம் வறுமையை இறுதிவரை வாய்திறந்து கூறவேயில்லை. மறுநாள் வெறுங்கையுடன் திரும்பியவர், பொருள் வந்தால் தன்னை மறந்துவிடுவான் என்றெண்ணியே கருணையால் தராதிருந்தான் போலும் என்று மகிழ்ந்தபடி வழிநடந்தார்.