கடைசி ஒரு பீஸ்!

வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் குழு ஏதாவது ஒன்றில் நீங்கள் இருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். காலை எட்டு மணிக்குப் படம் வரும். கூடவே, 'கடைசி ஒரு பீஸ்தான், சீக்கிரம்!' பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே புடவை, அதே கடைசி பீஸ்.

விற்பனை கூடணும்னா இதெல்லாம் செய்யத்தானே வேணும் என்பார்கள். சட்டென்று தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது.

திருத்தணியில் ஒரு பெண், வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் புடவைக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குக்குப் பஞ்சமில்லை. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கமெல்லாம் விசைத்தறிச் சத்தம். எல்லை தாண்டினால் நகரியிலும் அதே சத்தம். தமிழில் ஒரு பதிவு, தெலுங்கில் ஒரு பதிவு போட்டால் இரண்டு மாநிலமும் அவர் கடைத்தெரு. ஆனால், 'விசைத்தறி காட்டன்' என்று எழுதினால் லைக் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 'கைத்தறி' என்று ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், விலையையும் ஏற்றலாம், ஆர்டரும் குவியும். செல்போன் படத்தில் எந்தத் தறி என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கடையில் என்றால் துணியைக் கசக்கிப் பார்க்கலாம். 'சாயம் போகுமா?' என்று கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். ஃபோனில் வாங்குபவர் முதலில் வாங்குவது விற்பவரின் வார்த்தையை. புடவை அப்புறம்தான் கூரியரில் வருகிறது.

'நேர்மையாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார்' என்று சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் திருத்தணி மலையடிவாரத்தில் நின்று யோசித்தால் இதில் இருக்கும் ஓட்டை தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு மலர்க்காவடியோடு வந்து 365 படி ஏறி இறங்குகிற வெளியூர் பக்தர், அடுத்து வருவது அடுத்த ஆடிக்கு. வராமலும் போகலாம். ஐம்பது ரூபாய்ச் சாமானை அவரிடம் நூறுக்கு விற்றால் கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அப்படியும் ஐம்பதே வாங்குகிறவரை என்ன சொல்வது? இன்ஸ்டாகிராம் கடைக்கு வருகிறவர்களிலும் பாதிப் பேர் இந்த பக்தர் மாதிரிதான். வந்த வேகத்தில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்.

ஜெர்மன் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட், 1785-ல் வெளியான தன் நூலில் ஒரு கடைக்காரரைக் கொண்டுவருகிறார். குழந்தை வந்து கேட்டாலும் அவரிடம் விலை ஒன்றுதான். நல்ல மனுஷர்தானே? கான்ட் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். பேர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காக அப்படி இருந்தால், அதைக் கடமை உணர்ச்சி என்று சொல்ல முடியாது என்கிறார். (கான்ட்டின் அப்பா குதிரைச் சேணம் செய்து பிழைத்தவர். கடைத்தெரு தெரியாத வீடு இல்லை.)

எனக்கு கான்ட் கொஞ்சம் கறாராகத்தான் படுகிறார். குழந்தைக்கு மிட்டாய் சரியாகக் கிடைத்துவிட்டால், கடைக்காரர் மனசுக்குள் என்ன ஓடியது என்பது அதற்கு எதற்கு? ஆனால் லாபமும் நேர்மையும் ஒரே பக்கம் நிற்கும்வரை, இரண்டில் எது நம்மை நடத்துகிறது என்று நமக்கே தெரியாது. நம் திருத்தணிப் பெண்ணுக்கு அவை 'கைத்தறி' என்ற இடத்தில் பிரிகின்றன.

அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. தறிக்குழியில் காலை விட்டு நாள்கணக்கில் நெய்கிறவரின் கூலி அதில் இருக்கிறது. 1985-ல் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிச் சட்டம் போட்டதும், 2006-ல் 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை வந்ததும் அவர்களுக்காகத்தான். 'கடைசி பீஸ்' பொய்யையும் அரசாங்கம் விடவில்லை. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு நெறிமுறைகள் தடுக்கும் 13 தந்திரங்களில் போலி அவசரமும் ஒன்று.

சரி, அவர் என்னதான் எழுதலாம்? 'விசைத்தறி, பருத்தி. ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி. ஓரத்தில் ஒரு நூல் விலகியிருக்கு, அதனால ஐம்பது ரூபாய் குறைவு. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம்.' விற்பனை உடனே கூடுமா? கூடாது. சில வாரம் குறையக்கூடச் செய்யலாம். அந்த வாரங்களைத் தாக்குப்பிடிக்க அவருக்கு முதல் இருக்கிறதா என்று கான்ட் கேட்கவில்லை, நாம் கேட்கத்தான் வேண்டும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு சார். கைத்தறிப் புடவையை விசைத்தறி விலைக்குக் கேட்பது யார்? அடுத்த முறை குழுவில் படம் வந்தால், 'எந்தத் தறிம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். 'விசைத்தறிதாங்க அக்கா' என்று பதில் வந்து, விலையும் படிந்தால், வாங்கிவிடுங்கள்.