பொறு என்றால் போதுமா?

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே சூளையில் சுட்ட பொம்மையை, நெருப்பு அணைந்தவுடன் வெளியே எடுப்பதில்லை. சூடு மெல்ல ஆறிய பிறகே சூளையைத் திறப்பார்கள். அவசரப்பட்டால் பொம்மை விரிசல் கண்டுவிடும். பொறுத்தால் பலன் உண்டு என்பதைத் தொழிலாளி பலமுறை கண்டறிந்திருக்கிறார், அதனால் பொறுக்கிறார்.

நம் பிள்ளைகள் அப்படிக் கண்டிருக்கிறார்களா?

கடையில் பொம்மையைப் பார்த்த குழந்தை, "இப்பவே வேணும்" என்று அழுகிறது. உடனே வாங்கிக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று கற்பிக்கிறோம். "நாளைக்கு அத்தா வாங்கித் தருவார்" என்று சமாளித்துவிட்டு மறந்து போனால், பொறுத்தால் கிடைக்காது என்று கற்பிக்கிறோம். இரண்டாவதே பெரிய கேடு. இந்தத் தவற்றைச் செய்யாதவர் நம்மில் எத்தனை பேர்?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லித் தாயார் அவரை அழைத்தார். அங்கிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நாடியிருக்கிறீர் என வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸ். குழந்தைதானே என்று அலட்சியமாகச் சொல்லும் வார்த்தைக்கும் கணக்கு உண்டு!

அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. காத்திருந்தால் இரண்டு மிட்டாய் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். அதற்குச் சற்று முன்பு வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகளில் 9 பேர் 15 நிமிடமும் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒருவர் மட்டுமே காத்திருந்தார். ஆக, பிள்ளையின் பொறுமை பெரியவர்களின் நாணயத்தையும் சார்ந்தது.

பொறுமையோடு யோசனையையும் பழக்க வேண்டும். இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைக்கட்டளையையே மகனிடம் எடுத்துரைத்து, அவருடைய கருத்தைக் கேட்டார்கள். மகனும் பொறுமையாளராக இருப்பதாகவே பதிலளித்தார். இதை ஸூரத்துஸ் ஸாஃப்பாத்தில் (37:102) ஓதுகிறோம். அப்படியிருக்க, ஒரு பொம்மை விஷயத்தில் பிள்ளையிடம் மஷூரா செய்வது நமக்குக் குறைவாகுமா?

"இது எதற்கு வேண்டும்? வீட்டில் இருப்பது போதாதா? ஜும்ஆ வரை யோசித்துச் சொல்" என்று கேட்போம். அதற்குள் ஆசை தணிந்தால் நல்லது. தணியாமலிருந்து, பொருளும் தகுந்ததாயின், சொன்ன நாளில் சாக்குப்போக்கின்றி வாங்கிக் கொடுப்போம். வசதியில்லையென்றால் முதலிலேயே இல்லை என்று அன்போடு சொல்லிவிடுவோம். அது கசந்தாலும் உண்மை. பிள்ளை நம்மை நம்பும்.

வாக்கைக் காக்கும் பெற்றோராக நம்மையும், பொறுமையுள்ள மக்களாக நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.