விடுமுறை அறியாக் கடமை

ஒரே வேளையில் இரண்டு இடங்களில் இருத்தல் எவருக்கும் இயலாது. ஆயினும், நம் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் புறப்பாட அட்டவணையைக் காணுந்தோறும், அதனை வகுத்தோர் இவ்வெளிய உண்மையை மறந்தனரோ என்னும் ஐயம் எழுகின்றது. சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என மூன்றிலும் மாணவர் பங்குபெறுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டில் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் நூற்றுக்குப் பத்து இத்துறைக்கு உரியது. எஸ்.பி.எம். தேர்வும் மாலை நேர டியூஷனும் வேறு.

கடமைகள் தம்முள் மோதுமிடத்து எதற்கு முதலிடம் என்பது அறவியலின் பழைய வினா. அதனை வேளாண்மைக் கழக மாணவரை முன்னிறுத்தி எண்ணிப் பார்க்க விழைகின்றேன். ஏனைய கழகங்களுக்கு இல்லாத ஓர் இயல்பு இக்கழகத்திற்கு உண்டு. பேச்சுப் பயிற்சியைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றலாம். தட்டில் முளைத்துள்ள கீரை நாற்றை நம் நாட்டு வெயிலில் இரண்டு நாள் நீரின்றி விட்டால் மூன்றாம் நாள் அங்கே நாற்று இராது. நாள்தோறும் நேரில் சென்று பாராதவனின் நிலத்தைப் பற்றி வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியிருப்பதை மாணவர் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்று பின் படிவம் நான்கில் இருந்த மாணவி ஒருத்தி ஆலோசனை நாடி வந்தாள். அவளுடைய கழகம் கோழிக்குஞ்சுகளை வளர்த்து வந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அவற்றைக் காக்கும் பொறுப்பு அவளுடையது. அதே வாரத்தில் மாநில அளவிலான விவாதப் போட்டிக்கும் அவள் தேர்வாகியிருந்தாள். நான் சிறிதும் தயங்கவில்லை. “வாய்ப்பு மறுமுறை வாராது, குஞ்சுகளை வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போம்மா” என்றேன்.

அவளும் அவ்வாறே செய்தாள். பொறுப்பேற்ற தோழி நாளுக்கு ஒருமுறை நீர் வைத்தால் போதும் என்று எண்ணியிருக்கின்றாள். கடும் வெயிலில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் மடிந்தன. போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற மாணவி, கோப்பையை என்னிடம் காட்ட வரவில்லை. ஒரு கேள்வியுடன் வந்தாள். “நான் அவளிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன், ஐயா? அதோடு என் கடமை முடிந்துவிட்டதா?”

எனக்கு விடை தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவம் படித்தவன். அன்று அது கைகொடுக்கவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். விவாதக் குழுவின் ஏனைய இருவரும் அவளை நம்பியே இருந்தனர். அவர்களைக் கைவிடுதலும் தவறே. ஆனால் அவர்களிடம் காரணத்தை எடுத்துரைக்கலாம், மன்னிப்பும் வேண்டலாம். கூண்டிலிருக்கும் உயிரிடம் எதனை எடுத்துரைப்பது? எனவே வாய் பேசா உயிருக்கே முதலிடம் என்று ஒருவாறு முடிவுக்கு வந்தேன்.

அம்முடிவும் நெடுநாள் நிலைக்கவில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாயார் இரண்டு கறவை மாடுகளை வளர்த்தார். அப்பால் விற்ற பணத்தில்தான் நான் படித்தேன். 1990களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து நான் சான்றிதழ் பெற்ற விழாவிற்கு அவர் வரவில்லை. மாலையில் பால் கறக்க வேறு ஆளில்லை. வாய் பேசா உயிருக்கே என்றும் முதலிடம் என்பது அறமானால், அவர் செய்தது சரி. ஆயினும், அன்று வெறுமையாக இருந்த அந்த நாற்காலியை நான் இன்னும் மறக்கவில்லை.

தவறு என் தாயாரிடமும் இல்லை, அம்மாணவியிடமும் இல்லை. இருவரும் தனித்து விடப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் 1902இல் ஓஹாயோ மாநிலத்தில் அரும்பிய, பின்னர் 4-எச் எனப் பெயர்பெற்ற இளைஞர் இயக்கத்தில் சிறுவர்கள் கன்றும் பன்றியும் வளர்த்துக் கணக்கெழுதி, வட்டாரக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்கின்றனர். அங்கும் பள்ளி உண்டு, பந்தாட்டம் உண்டு. ஆனால் அக்கன்று பெரும்பாலும் வீட்டுக் கொட்டிலில் நிற்கின்றது. பிள்ளை ஆட்டத்திற்குச் சென்ற மாலையில் தீவனம் வைக்கக் குடும்பத்தார் இருக்கின்றனர். நம் பள்ளிகளில் பூட்டிய வாயிலுக்குப் பின்னே கூண்டை வைத்துவிட்டு, அதன் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகின்றோம். விடுமுறையில் எத்தனை பேர் வருவர் என்று எண்ணிய பின்னரன்றோ எத்தனை குஞ்சுகள் வாங்குவதென முடிவு செய்தல் வேண்டும்? கழகத்தை நடத்தும் ஆசிரியர் இதனை முன்னரே கணக்கிட்டிருக்கலாம். ஆலோசனை கூறிய நானும், பொறுப்பேற்கும் தோழிக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒப்படைத்தல் குற்றமன்று. எத்தனை முறை, எவ்வளவு நீர், வெயில் ஏறினால் கூண்டை எங்கே நகர்த்துவது என்பவற்றைச் சொல்லாமல் ஒப்படைப்பதோ கைகழுவுதலே. இதனை அம்மாணவியிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. நான் கூறிய ஆலோசனை தவறானது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் பள்ளியின் பூப்பந்துக் குழுவிலிருந்து விலகினாள். புள்ளி குறையுமே என்று அவள் தாயார் என்னிடம் வருந்தினார். குறையும் என்றே நானும் ஒப்புக்கொண்டேன். விவாதத்தை அவள் விடவில்லை. கழகம் அடுத்த முறை பத்துக் குஞ்சுகளை மட்டுமே வாங்கியது. கூண்டின் கதவில் ஓர் அட்டை தொங்கிற்று; நீர் வைக்க வேண்டிய மூன்று வேளைகளும், ஒவ்வொரு வேளைக்கும் இருவர் பெயரும் அதில் அவள் கையெழுத்தில் இருந்தன.