வாத்தியாரைத் தாண்டிப் படித்த பிறகு

மாணவன் ஒருநாள் வாத்தியாரைவிட அதிகம் படித்துவிடுகிறான். அதற்குப் பிறகும் அவர்மேல் வைத்த மதிப்பு குறையாமல் இருந்தால், அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகம்வரை போன என்னை இந்தக் கேள்வி விட்டபாடில்லை.

எங்கள் சார் பெரிய பட்டம் வாங்கியவர் இல்லை. படிக்கிற வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். யார் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பல நிர்வாகங்கள் பொருட்படுத்தவில்லை. கங்காணியும் கணக்கெழுதும் கிராணியும் பாடம் நடத்திய தோட்டங்கள் உண்டு. 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கி இந்த மலையில் தேயிலை பரவிய காலமும் அதுதான். அந்த வழியில் வந்த பள்ளிக்கூடத்தில், தானே முயன்று படித்து ஆசிரியர் ஆனவர் அவர்.

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து அம்மாக்கள் கூடையோடு கொழுந்து பறிக்கப் போனதும் சார் லயத்துக்கு வந்துவிடுவார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்துவது அப்போது வழக்கம். என் அக்காவும் அப்படி நின்றாள். சார் வாசலில் நின்று, "தங்கச்சியையும் தூக்கிட்டு வா புள்ள, பெஞ்சு ஓரமா படுக்க வச்சுக்கலாம்" என்றார். குழந்தை அழுதபோது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

தமிழ்ப்பள்ளி முடிந்து, தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போனபோது என் மலாய் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அது சாரின் உச்சரிப்பு. அவர் சொன்ன சரித்திரத்திலும் பிழைகள் இருந்தது பிறகு தெரிந்தது. அவர்மேல் இருந்த மதிப்பு மட்டும் இம்மியும் குறையவில்லை.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று படித்தவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் இவற்றால் என்ன பிரயோசனம் என்று கேட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. குருவிடம் கற்ற படிப்பையே உலுக்கிய கேள்வி அது. பிறகு ஐயர் சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். பிள்ளையவர்கள் காட்டாத உலகம் அது. ஆனாலும் குரு மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, எழுபத்தெட்டு வயதில், ஐயர் தம் குருவின் சரித்திரத்தை எழுதி வெளியிடத் தொடங்கினார்.

அது வெறும் நன்றிக்கடன் என்று எனக்குத் தோன்றவில்லை. கடனிலும் வறுமையிலும் மாணவர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டு பாடம் சொன்னவர் பிள்ளையவர்கள். ஒரு நூலோடு நாள் முழுக்க உட்காரும் பழக்கம் ஐயருக்கு அங்கே வந்தது. அது இல்லாமல் சிதைந்த ஏடுகளோடு அவர் அத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்க முடியாது. என் சாரும் நான் படிக்கத் தகுந்தவன் என்று எனக்கு முன்பே நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் புகுமுக வகுப்பின் சிரிப்பைத் தாங்கினேன்.

இப்போது சாரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். உச்சரிப்பு விஷயத்தைப் படித்துவிட்டு அக்கா, "அத ஏன்டா எழுதுற, எடுத்துடு" என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. தம் குருவுக்குச் சங்கீதத்தில் விருப்பமில்லை என்பதை ஐயர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சாரை முழுதாக அறிந்துதான் மதிக்கிறேன் என்பது படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஏழாம் வாய்ப்பாடும் அந்த மலாயும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.