மறைத்தலும் மறுத்தலும்

ஒருவன் தான் நடத்திவரும் வாணிகத்தைப் பிறர்க்கு விற்கக் கருதின், அக்கருத்தினை ஏனையோர்க்கு எப்பொழுது உரைத்தல் வேண்டும் என்பது ஈண்டு ஆராயப்படும். இது வாணிகர்க்கே உரிய வினாவாகத் தோன்றினும், வாய்மையின் எல்லை யாது என்னும் பெருவினாவின் ஒரு கூறேயாம்.

முற்பட உரைப்பின் வருங்கேடு வெளிப்படை. பணியாளர் வேறிடம் நாடுவர், கடன் கொடுத்தோர் நெருக்குவர், வாடிக்கைக்காரர் அகல்வர். பின்னர் விற்பனைப் பேச்சு முறியுமாயின், விற்பனையும் இன்றி வாணிகமும் நலியும். ஆகலின், முடிவுறாத ஒன்றை அடக்கிவைத்தல் குற்றமன்று.

அற்றேல், கையெழுத்திடும் நாள்காறும் எவ்வாற்றானும் மறைக்கலாமோவெனின், ஆகாது. மறைத்தல் வேறு, மறுத்தல் வேறு. இதற்கு அமெரிக்க நாட்டு வழக்கொன்று சான்றாம். எஃகாலைகளுக்கு வேண்டும் வெப்பந்தாங்கு பொருள்களைச் செய்துவந்த பேசிக் என்னும் நிறுவனத்தாரோடு, 1976 முதல் கம்பசன் எஞ்சினீயரிங் என்னும் நிறுவனத்தார் இணைப்புக் குறித்து உரையாடிவந்தனர். 1977, 1978 ஆம் ஆண்டுகளில் பேசிக் நிறுவனத்தார் அத்தகைய பேச்சு இல்லையென மும்முறை மறுத்தனர். 1978 டிசம்பரிலோ, பங்கொன்றுக்கு 46 டாலர் என்னும் விலைக்கு இசைந்தனர். முதல் மறுப்பிற்குப் பின் தம் பங்குகளை விற்றுவிட்டோர், குறைந்த விலைக்கு இழந்தோம் என வழக்கிட்டனர். விலையும் இணைப்பின் அமைப்பும் உடன்படும்வரை அப்பேச்சுப் பொருட்படுத்தற்பாலதன்று என்னும் வாதத்தை, 1988 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றிலது. உரைக்குங் கடப்பாடு இல்லாதவிடத்து வாளாவிருத்தல் பிறரை மயக்குவதாகாது எனவும் அம்மன்றம் குறித்தது.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்ததாம் என்று திருவள்ளுவர் கூறியிருத்தலின், வாணிகத்தைக் காத்தற்குச் சொல்லும் மறுப்பும் அத்தகையதேயெனின், அற்றன்று. அந்நன்மை சொல்லுவானுக்கு, தீங்கோ கேட்பானுக்கு. பிறன் இழப்பிற் பிறக்கும் நன்மை குற்றமற்றதாதல் யாங்ஙனம்?

இனி, உரைக்குங் காலத்தை அளப்பது கையெழுத்து அன்று. நம் மௌனத்தை நம்பி ஒருவன் மீளவொண்ணாத செயலொன்றில் இறங்கப் புகும் பொழுதே அக்காலமாம். நெடுநாட் பணிபுரிந்த கணக்கன் ஒருவன் வந்து, “இவ்வேலையை நம்பி வீடு கட்டக் கடன் வாங்கலாமோ?” என்று வினவுகின்றான் என்க. “வாங்குக” என்பது வஞ்சனை. “உன் விருப்பம்” என்று நழுவுதலும் அதனோடு ஒப்பதே. உண்மையை அவனிடத்து மட்டும் மறைபொருளாக ஒப்புவித்தல் வேண்டும்; அஃது இயலாதாயின், “என் சொல்லை நம்பி இப்பொழுது வாங்கற்க” என்றேனும் உரைத்தல் வேண்டும்.

அங்ஙனம் உரைப்பின் அவன் உய்த்துணர்ந்துவிடுவனே, மறைபொருள் வெளிப்படுமே எனின், வெளிப்படலாம், விலையும் குறையலாம். அக்குறைவு விற்பவன் தாங்கற்பாலதேயன்றிக் கணக்கன் தலையில் ஏற்றற்பாலதன்று. தனக்கு இழப்பு வாராதவிடத்து மட்டும் காக்கப்படும் வாய்மை, வாய்மையெனப்படாது.

விற்பனை உறுதியானபின் தாழ்த்தற்குக் காரணம் இல்லை. கடைத்தெருவினர் வாயாற் கேட்குமுன், தன்னை நம்பி உழைத்தோர் தன் வாயாற் கேட்குமாறு முதலில் அவர்க்கு உரைத்தலே முறை. பின்னரே கடன் கொடுத்தோர்க்கும் வாடிக்கைக்காரர்க்கும் உரைக்க. விலை பேசி விற்றற்குரியது வாணிகமேயன்றிப் பிறர் வைத்த நம்பிக்கை அன்றென்பது.