ஒன்னும் இருக்காது

சென்ற ஆண்டு என் இடது குதிகாலில் மிளகளவுக்கு ஒரு தடிப்பு வந்தது. நடுவில் கறுப்புப் புள்ளிகள். அம்மா அடுப்படியில் நின்றபடியே, "பாலுண்ணியா இருக்கும், ஒன்னும் இருக்காது" என்றார். குதிரைவால் முடியில் கட்டினால் உதிர்ந்துவிடும் என்றார் பாட்டி. குதிகாலில் எதைப் பிடித்துக் கட்டுவது? "சரி, மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடு." நண்பன் சொன்னான், "ரிலேக்ஸ்லா, ஒன்னும் இல்ல."

மூன்று பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். மூவரில் யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

இரவானால் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் வரும். பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. இதைப் படித்த இரவு தூங்கவில்லை. ஆனாலும் இரண்டு மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை. தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் பிடிக்காத பதிலை மூடிவிடலாம். டாக்டர் வாயை அப்படி மூட முடியாதே.

கடைசியில் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, நம்பர் வாங்கிக் காத்திருந்தேன். டாக்டர் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். மெல்லிய பிளேடால் மேல்தோலைச் சீவினார். ஊசி குத்தியதுபோல் ரத்தம் துளிர்த்தது. "இந்தக் கறுப்பெல்லாம் சின்ன ரத்தக் குழாய்ல உறைஞ்ச ரத்தம். வைரஸால வர்றது. பாலுண்ணிதான்."

அம்மா சொன்ன அதே சொல். அன்று தராத தூக்கத்தை இன்று எப்படித் தந்தது?

பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் சாக்ரடீஸ் இதைத்தான் யோசிக்கிறார். லாரிசாவுக்கு வழி தெரிந்தவனும் சரி, வழியைச் சரியாக ஊகித்தவனும் சரி, நம்மை ஊர் கொண்டு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அறிவு எதற்கு? சரியான ஊகம் டெடலஸின் சிலைபோல, கட்டிப்போடாவிட்டால் ஓடிவிடும் என்கிறார். காரணம்தான் அந்தக் கயிறு.

எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. காரணங்கள் கைப்பேசியிலும் கொட்டிக் கிடந்தன. அவை எதுவும் என்னைக் கட்டவில்லை. ஏனென்றால் அவை பொதுவாகக் கால்களைப் பற்றிப் பேசின. டாக்டர் பேசியது என் காலைப் பற்றி, பார்த்துவிட்டு.

இதை எழுத வேறொரு காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு அப்பா, "கால்ல கொப்புளம் மாதிரி இருக்கு, பாரேன்" என்றார். நான் தலையைத் தூக்காமல், "ஒன்னும் இருக்காதுப்பா" என்றேன். அப்பாவுக்குச் சர்க்கரை. நரம்பு மரத்துப்போனால் புண் வலிக்காது, வலிக்காததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அம்மா சொன்னது சரியாக இருந்தது, நான் சொன்னது தவறாக இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே செயல்தான். பார்க்காமல் சொன்னோம். பலித்ததால் ஒன்று ஆறுதலாயிற்று, பலிக்காததால் மற்றது குற்றமாயிற்று. அப்படியென்றால் அம்மாவையும் குற்றம் சொல்வதா? என்னால் முடியவில்லை. பயந்தவர் முன்னால் நம் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பல சமயம் அவர் பயத்தைப் போக்க அல்ல, நம் பயத்தைப் போக்கத்தான் சொல்கிறோம்.

இப்போது யாராவது கேட்டால், "காட்டு" என்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்காது, நான் டாக்டரில்லை. "தெரியல, வா போவோம்" என்று சொல்ல முடிகிறது. அது ஆறுதலாக இல்லாவிட்டாலும் பொய்யில்லை.

இரவில் அப்பாவின் பாதங்களை விளக்கடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் பார்க்கிறேன். அவருக்குக் கூச்சம். அம்மா மட்டும் என் குதிகாலைக் காட்டி இன்னமும் சொல்கிறார், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"