தண்டியடிகள் கட்டிய கயிறு



சென்ற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வழங்கும் நேரம், ஸ்ரௌவ்வில்லில் வசிக்கும் இளைஞர் ஒருவர் எம்மிடம் தயங்கிக் கேட்டார்: "ஐயா, எனக்கு டிஸ்லெக்சியா, எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கக் கஷ்டம். கூட வேலை செய்யும் ஆட்களுக்குச் சொல்லலாமா?"

எமக்குத் திருவாரூர்த் தண்டியடிகள் நாயனாரின் நினைவு வந்தது. பிறவியிலேயே பார்வையற்றவர். கோயிற் குளம் குறுகிப்போனதை அறிந்து, குளத்தினுள்ளே ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். கயிறு எல்லோர் கண்ணிலும் பட்டது. எள்ளியவர்கள் அவருடைய தறிகளையும் மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள் என்று பெரியபுராணம் கூறும். ஆகவே இளைஞரின் பயம் வீண் என்று நாம் சொல்லவில்லை. (கலியாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று பிள்ளையின் வாயை அடைக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தாங்கமுடியாத சிரமம் இல்லாதவரை, வேண்டிய வசதியை வேலை கொடுப்பவர் செய்து தரவேண்டும். அந்த வசதியைக் கேட்கவேண்டியது முகாமையாளரிடம். சக ஊழியருக்குச் சொல்வது அவரவர் விருப்பம்.

எழுத்தில் வரும் கட்டளைகளை வாயாலும் சொல்லும்படி திங்களன்று முகாமையாளரிடம் கேட்பதாக இளைஞர் சொன்னார். மதியம் கூட இருந்து சாப்பிடும் நண்பருக்குச் சொல்வதா என்று இன்னும் யோசிக்கிறார்.